புளூட்டோவுக்கு ஒரு புள்ளி

தொண்ணூற்றொன்பதாம் ஆண்டு பெப்ரவரியில் மல்லாவியில் நடந்த பொது அறிவுப் போட்டியில் நாங்கள் வென்றோம். அந்த வெற்றியை இன்றைக்கும் நான் முழு வெற்றியாக எண்ணுவதில்லை.

இரண்டு பாடசாலைகளும் சமமாக நின்றதால் கடைசியாக ஒரு கேள்வி கேட்டார்கள். சூரியனைச் சுற்றும் கோள்கள் எத்தனை? அணித் தலைவிகள் விடையைத் தாளில் எழுதிக் கொடுக்கவேண்டும். நான் ஒன்பது என்று எழுதினேன். மற்ற அணியின் தலைவி ஆன்சலா, கொக்கிளாயிலிருந்து இடம்பெயர்ந்த மீன்பிடிக் குடும்பத்துப் பெண். அவளுடைய தாளை நடுவர் கனகலிங்கம் சேர் உரத்து வாசித்தார்.

"எட்டு நிச்சயம். ஒன்பதாவது விவாதத்தில் உள்ளது."

கொட்டகை சிரித்தது. அவள் எழுந்து நின்றாள்.

"இதென்ன விடை பிள்ளை? புத்தகத்தில ஒன்பது எண்டுதானே கிடக்கு?"

"புத்தகம் அடிச்சு எத்தினை வருசம் சேர்? நெப்தியூனுக்கு அங்கால புளூட்டோ மாதிரிக் கனக்கக் கண்டுபிடிச்சிட்டினமாம். புளூட்டோ கோளோ இல்லையோ எண்டு விஞ்ஞானிகளே பிடுங்குப்படுகினம். றேடியோவில கேட்டனான்."

"பற்றறி எங்கால?" என்று பின்னாலிருந்து ஒரு குரல். வன்னிக்குள் பற்றறி கொண்டுவரத் தடை இருந்த காலம் அது.

"அப்பா சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்துவார். டைனமோவில கேப்பம்."

மறுபடி சிரிப்பு. அவள் உட்காரவில்லை.

"முந்திச் சீரிஸ் எண்ட ஒண்டையும் கோள் எண்டுதான் சொன்னவை. பிறகு அதுக்குப் பக்கத்தில கனக்க அம்பிட்டதும் சிறுகோள் எண்டு மாத்திப்போட்டினம். புளூட்டோவுக்கும் அப்பிடி வரலாம்."

"எனக்குத் தந்த தாளில ஒன்பது. உமக்குப் புள்ளி தரேலாது."

"தராதேங்கோ சேர். ஆனா பிழை எண்டு கோடு போடாதேங்கோ."

அவர் கோடு போட்டார். இரண்டாம் இடச் சான்றிதழை மேசையிலேயே விட்டுவிட்டு ஆன்சலா வெளியே நடந்தாள்.

பரிசாகக் கிடைத்த அகராதியோடு நான் அவளைத் துரத்திக்கொண்டு ஓடினேன். பாலை மரத்தடியில் பிடித்தேன்.

"நீர் சொன்னது பிழைதான்," என்றேன். அவள் முறைத்தாள். "புத்தகத்துக்காகச் சொல்லேல்லை. புளூட்டோ உருண்டை. சூரியனைச் சுத்துது. ஒரு சந்திரனும் இருக்கு. பிறகென்ன குறை?"

"சீரிசும் சூரியனைத்தானே சுத்துது. அதையும் சேர்ப்பீரோ?"

"சேர்ப்பன். இன்னும் நூறு வந்தாலும் சேர்ப்பன்."

"நூறையும் ஆர் பாடமாக்கிறது?"

"பாடமாக்கேலாது எண்டு ஒண்டைத் தள்ளிவிடலாமோ?"

மலையகத்திலிருந்து அடிபட்டு வன்னிக்கு வந்த குடும்பம் எங்களுடையது. இந்த நாட்டிலேயே பிறந்த அம்மாவுக்குப் பிரசாவுரிமை கிடைத்தபோது அவவுக்கு நாற்பது வயது. தள்ளிவிடுவது என்ற சொல் வாயில் வந்ததும் என் குரல் உயர்ந்துவிட்டது. இரண்டு பாடசாலைப் பிள்ளைகளும் சுற்றிக் கூடிவிட்டார்கள். சத்தம் கேட்டுக் கனகலிங்கம் சேரும் வந்தார்.

"போட்டி முடிஞ்சுது. வீட்டை போங்கோ. இது பாடத்திட்டத்தில இல்லாத கதை."

"அதுதான் சேர், பாடத்திட்டத்துக்கு வெளியில நிண்டு கதைக்கிறம்," என்றாள் ஆன்சலா.

என்னை அறியாமல் நான் அவள் பக்கத்தில் போய் நின்றேன். ஆனாலும் விட்டுக்கொடுக்கவில்லை. ஒரு மணித்தியாலம் மாறி மாறி வாதாடினோம். சேர் போகவில்லை. மரத்தில் சாய்ந்து கேட்டுக்கொண்டு நின்றார்.

கடைசியில் யாரோ கை உயர்த்தச் சொன்னார்கள். புளூட்டோ கோள் இல்லை என்று பதினேழு கை, கோள்தான் என்று பன்னிரண்டு. ஆன்சலா என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"தோத்திட்டீர்."

"இல்லை," என்றேன். "கையை உயர்த்தி ஒரு கோளைக் கழிக்கேலாது."