கொண்டு வராதது எது?

ட்ரூடி இருந்தவரைக்கும் மர்லீனுக்கு மேற்பார்வை என்றால் வினிகர் வாசனை அடிக்கும் ஒரு பழைய வெள்ளைக் கார்தான்.

மேற்பார்வை! பெயரைக் கேட்டால் யாரோ பிரம்பும் கையுமாக நிற்பதுபோல இருக்கும். அப்படியெல்லாம் ஒன்றும் இல்லை. அடுத்தவர் மனப்பாரத்தை நாள் முழுக்கக் கேட்கிறவர்கள், பதினைந்து நாளைக்கு ஒரு தரம் தங்கள் வேலையை இன்னொருவர் முன்னால் விரித்து வைக்க வேண்டும். எங்கே சரியாகச் செய்தோம், எங்கே கோட்டை விட்டோம் என்று. ஆஸ்திரேலியாவின் தென்கரையில் போர்ட் லிங்கன் என்ற மீன்பிடி ஊரின் சின்ன மனநல மையத்தில் நர்ஸாக இருந்த மர்லீனும் ட்ரூடியும் பதினான்கு வருஷம் ஒருவருக்கொருவர் அதைச் செய்துகொண்டார்கள். மையத்தின் சுவர்கள் வெறும் அட்டை. இந்த அறையில் தும்மினால் அடுத்த அறையிலிருந்து நலம் விசாரிப்பார்கள். அதனால் காரை எடுத்துக்கொண்டு படகுத்துறைக்குப் போய்க் கடலைப் பார்த்து நிறுத்திவிடுவார்கள். மடியில் வினிகர் தெளித்த சூடான உருளைக்கிழங்கு சிப்ஸ். முன்கண்ணாடி வழியே சூரை மீன் படகுகளைப் பார்த்தபடியே பேச்சு. எதிரே முகம் இருந்தால் வாய் பொய் சொல்லும் என்பது ட்ரூடியின் கட்சி.

எல்லாம் பேசி முடித்து, வண்டியைக் கிளப்பப் போகிற ட்ரூடி, சாவியில் கையை வைத்துக்கொண்டு கேட்பாள்: "சரிடி. இன்னிக்கு நீ கொண்டு வராதது எது?"

மர்லீனுக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனால் அதற்குப் பிறகுதான் உண்மையான பேச்சே தொடங்கும். அழுதது, விழுந்து விழுந்து சிரித்தது, ஒரு நாள் கடற்பறவை ஜன்னல் வழியே தலையை விட்டுச் சிப்ஸ் பொட்டலத்தையே தூக்கிக்கொண்டு போனது, எல்லாம் அந்தக் கேள்விக்குப் பிறகுதான். என்ன நாட்கள் அவை!

போன வருஷம் ட்ரூடி ஓய்வு பெற்று, கெய்ர்ன்ஸில் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். மாமரத்தைப் படம் எடுத்து அனுப்புகிறாள். ஒரு தரம் மர்லீன் போனில், இங்கே ஒருத்தர் வருகிறார் என்று ஆரம்பித்ததுமே ட்ரூடி வெட்டிவிட்டாள். "வேணாம்டி. நான் வேலைய விட்டவ. சொல்ல உனக்கு அனுமதியில்ல, கேக்க எனக்கு உரிமையில்ல. மாம்பழம் எப்படியிருக்குன்னு கேளு, சொல்றேன்." அவள் சொன்னது சரிதான். சரியாக இருந்ததுதான் மர்லீனுக்கு வலித்தது.

இப்போது மேற்பார்வைக்கு அடிலெய்டிலிருந்து லாக்லன் என்பவர் திரையில் வருகிறார். முப்பத்திநாலு வயது, மரியாதையான மனிதர், குறை சொல்ல ஒன்றுமில்லை. கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே கேட்பதுதான் மர்லீனுக்குத் தாங்கவில்லை. நன்றாக முடிந்த கதைகளாகப் பொறுக்கி, தேய்த்து மடித்துக் கொண்டுபோய்க் காட்டினாள். அவரும் தலையாட்டினார். ஐந்து தரம் இப்படியே ஓடியது.

அவள் கொண்டு போகாதது கார் டிக்கியில் கிடந்தது. செய்தித்தாளில் பொதிந்த, மீன் தூண்டிலின் நூல் சுற்றும் ஒரு ரீல். நெவில் கொடுத்தது. சூரை மீன் படகில் முப்பத்தைந்து வருஷம் உழைத்த மனிதர். மகன் இறந்தபின் எட்டு மாதமாக அவளிடம் வருகிறார். வந்தால் தரையைப் பார்த்தே உட்கார்ந்திருப்பவர், போன வியாழக்கிழமை கலகலவென்று பேசினார். கிளம்பும்போது தன் அப்பாவின் ரீலை எடுத்து அவள் கையில் வைத்து, "வச்சுக்க அம்மணி. நீ எனக்குச் செஞ்சதுக்கு" என்றார். வருகிறவர்களிடம் எதுவும் வாங்கக் கூடாது. தெரியும். அந்த முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை. ரீலைப் பற்றி எங்கேயும் எழுதாமல், நல்ல முன்னேற்றம் என்று மட்டும் குறித்துவைத்தாள். இத்தனை வருஷ அனுபவத்துக்கு அப்புறம் இப்படி ஒரு தப்பா என்று மனசு குறுகுறுத்தது.

செவ்வாய்க்கிழமை மையத்தில் பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். மர்லீன் போனை எடுத்துக்கொண்டு தன் காரில் படகுத்துறைக்குப் போனாள். பழக்கதோஷம், வழியில் சிப்ஸும் வாங்கிவிட்டாள். போனை முன்னால் சாய்த்துவைத்து, லாக்லனிடம் வழக்கம்போல் இரண்டு மடித்த கதைகளைச் சொல்லி முடித்தாள். பத்து நிமிஷம் மிச்சம் இருந்தது. கை தானாகச் சாவிக்குப் போனது. பக்கத்து சீட்டில் யாரும் இல்லை. ஆனாலும் கேள்வி அங்கேதான் உட்கார்ந்திருந்தது.

போனைக் கடல் பக்கமாகத் திருப்பிவைத்தாள்.

"லாக்லன், கொஞ்ச நேரம் என்னப் பாக்க வேணாம். கடலப் பாருங்க."

ஏன் என்று அவர் கேட்கவில்லை. "சரி. படகெல்லாம் தெரியுது" என்றார்.

ரீல் விஷயத்தை ஒன்று விடாமல் கொட்டினாள். இனி விதிகளைப் பற்றி ஒரு பாடம் நடக்கும் என்று எதிர்பார்த்தாள். லாக்லன் அதற்குள் போகவில்லை.

"வாங்கினதப் பத்தி அப்புறம் பேசிக்கலாம். அவர் வேற யாருக்காவது எதாவது குடுத்தாரா?"

எடுத்த சிப்ஸ் கையிலேயே நின்றது. நாய். நாயை அண்ணன் வீட்டில் விட்டாயிற்று என்று நெவில் அன்று போகிற போக்கில் சொல்லியிருந்தார். ரீல் கையில் கனத்ததில் அது காதிலேயே ஏறவில்லை. இடிந்து கிடந்தவர் திடீரென்று லேசாகி, பிரியமானதையெல்லாம் பிறருக்குக் கொடுக்கத் தொடங்கினால் அங்கேயே நிறுத்திக் கேள் என்று புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுத்தவள் அவள். தன் தப்பை மறைக்கிற அவசரத்தில் அவளுக்கே அது படவில்லை. அடிப் பாவி, என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"நாயக் குடுத்துட்டார்" என்றாள்.

உடனே நெவிலுக்குப் போன் செய்யச் சொன்னார் லாக்லன். மனநல அவசரக் குழுவுக்குத் தான் சொல்லி ஆளை அனுப்புவதாகவும், முடிந்ததும் தன்னைக் கூப்பிடும்படியும் சொன்னார்.

ஆறு தரம் மணி அடித்தது. மர்லீனுக்கு உயிர் உயிராக இல்லை. ஏழாவது மணியில் நெவில் எடுத்தார்; வீட்டில்தான் இருந்தார். அவரோடு பேசிக்கொண்டே, இணைப்பை விடாமல், நாலு தெரு தள்ளியிருந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தாள்.

வாசற்படியில் உட்கார்ந்திருந்தார். ரீலை நீட்டினாள். அவர் வாங்கவில்லை, குடுத்தது குடுத்ததுதான் என்றார். முகத்தில் ஏதோ வேடிக்கைப் பேச்சு தயாராக இருந்தது. மர்லீன் எதிரே நிற்கவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து, சிப்ஸ் பொட்டலத்தையும் ரீலையும் நடுவில் வைத்து, அவரைப் போலவே தெருவைப் பார்த்தாள்.

"நெவில், செத்துப்போகணும்னு நினைக்கிறீங்களா?"

நெவில் ஒரு சிப்ஸை எடுத்து, தின்னாமல் பொட்டலத்திலேயே திரும்ப வைத்தார்.

"ஆமா" என்றார். "வர்ற வியாழக்கிழம உன்கிட்ட வர நான் இருக்கக் கூடாதுன்னு நினைச்சிருந்தேன்."

மர்லீன் எழுந்திருக்கவில்லை. அழுகை வந்தது, அதையும் மறைக்கவில்லை. தெருமுனையில் அவசரக் குழுவின் கார் திரும்புவது தெரிந்தது. யார் வருகிறார்கள், எதற்கு என்று அவரிடம் சொன்னாள். அவர் மறுக்கவில்லை. ரீலை இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"நாய் என்னத் தேடும்ல?" என்றார்.

"தேடும்" என்றாள் மர்லீன்.