புடிச்சுக்கும்

"கட்டைவிரலை நல்லா அழுத்துங்க ஐயா," என்றாள் ஆஸ்பத்திரி கவுன்டரில் இருந்தவள்.

அப்பா அழுத்தினார். மிஷினில் சிவப்பு விளக்கு எரிந்தது. விரலைச் சட்டையில் தேய்த்துவிட்டு மறுபடி வைத்தார். மறுபடி சிவப்பு. ஆட்காட்டி விரலுக்கும் அதே கதி. அவள் எட்டி அவர் கையைத் திருப்பிப் பார்த்தாள்.

"விரல் பூரா என்னமோ காஞ்சு கெடக்கே?"

"பசை," என்றார் அப்பா.

"அப்போ வேற யாராவது வைங்க. கைரேகை விழாம பாடியைக் குடுக்க முடியாது."

மகள் அவரை ஒதுக்கிவிட்டுத் தன் விரலை வைத்தாள். பச்சை விழுந்தது. இத்தனை காலம் குடும்பம் நடத்திய பெண்டாட்டியை வாங்கிக்கொள்ள அந்த மனிதருக்கு ஒரு விரல்கூட உதவவில்லை. ஒட்ட வேண்டிய இடத்தில் ஒட்டாத பசை, விரலில் மட்டும் எப்படி அப்பிக்கொண்டது பாருங்கள்.

தெருவில் அவருக்குப் பெயரே பசை மாமா. மீட்டர் ரீடிங் எடுக்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இதுதான் பிழைப்பு, பொழுதுபோக்கு, பெருமை எல்லாம். யார் வண்டியில் பம்பர் கிழிந்தாலும், ஹெட்லைட்டைப் பிடித்திருக்கும் காது முறிந்தாலும் அவரிடம்தான் வரும். உடைந்த இடத்தில் சமையல் சோடாவைத் தூவி, மேலே சூப்பர் க்ளூவைச் சொட்டுவார். கல்லாக இறுகிவிடும். கிழிசல் என்றால் இரண்டு பக்கமும் பழுக்கக் காய்ச்சிய கம்பியால் ஓட்டை போட்டு, ஒயர் கட்டுகிற பிளாஸ்டிக் டையால் தையல் போடுவார். "புதுசு வாங்குன்னு சொல்றதுக்கு மெக்கானிக் எதுக்கு? புடிச்சுக்கும், போ," என்பார். பாதிக்குப் பாதி பிடித்துக்கொள்ளவும் செய்தது. அதுதான் வினை. அம்மா சமையலறையில் சோடா டப்பாவைத் தேடித் தேடி அலுத்துப்போய், கடைசியில் அவருக்கென்றே தனியாக ஒரு பொட்டலம் வாங்கி வைக்க ஆரம்பித்தாள்.

அவருடைய சொந்தக் காரில் கூலன்ட் டேங்க், இன்ஜின் சூட்டைத் தணிக்கும் தண்ணீர் நிற்கிற அந்தப் பிளாஸ்டிக் டப்பா, கீறல் விட்டு மாதக்கணக்காகிறது. சால்டரிங் ராடால் உருக்கி அடைத்து வைத்திருந்தார். புதிதாக மாற்றிவிடுங்கள் என்று சொல்லிச் சொல்லி மகளுக்கு வாய் வலித்ததுதான் மிச்சம்.

இன்று காலை அம்மா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தபோது, ஆம்புலன்ஸுக்குப் போன் போடப் போன மகளைத் தடுத்தவரும் அவர்தான். "அவன் வர்றதுக்குள்ள நாம போய்ச் சேந்துடலாம்," என்று சாவியை எடுத்தார். பாதி வழியில், மேம்பாலம் இறங்கியதும் பானெட்டிலிருந்து ஆவி குபுகுபுவென்று கிளம்பி வண்டி நின்றது. மகள் பின்சீட்டில் இருந்தாள். அம்மாவின் தலை அவள் மடியில். அப்பா இறங்கி எந்த வண்டியையாவது கைகாட்டி நிறுத்துவார் என்று நினைத்தாள். அவர் பானெட்டைத் தூக்கிப் பார்த்தார். திரும்பி வந்து டேஷ்போர்டைத் திறந்தார். பசை ட்யூபை எடுத்துக்கொண்டு போனார்.

"அப்பா, எவனையாவது நிறுத்துங்கப்பா."

"இருடி. ரெண்டு நிமிஷம். புடிச்சுக்கும்."

அம்மா ஏதோ முனகினாள். மகள் குனிந்து கேட்டாள். கேட்டதை இதுவரை அவள் யாரிடமும் சொல்லவில்லை. அதன்பிறகு அம்மா பேசவும் இல்லை.

கடைசியில் மகள்தான் அம்மாவின் தலையைச் சீட்டில் இறக்கி வைத்துவிட்டு ஓடிப்போய் நடுரோட்டில் நின்றாள். தண்ணீர் கேன் ஏற்றி வந்த வேன் ஒன்று நின்றது. கேன்களுக்கு நடுவே அம்மாவைக் கிடத்திவிட்டு, "வர்றீங்களா இல்லையா?" என்று கத்திய பிறகுதான் அப்பா தலையை நிமிர்த்தினார். ஆஸ்பத்திரியில் சின்ன வயது டாக்டர் ஒருவர், அவளைத் தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்சம் முன்னாடி கூட்டிட்டு வந்திருக்கலாம்," என்றார்.

இப்போது அம்மா வீட்டுக் கூடத்தில் வெள்ளை விரிப்புக்குள் கிடக்கிறாள். வந்தவர்கள் எல்லோரும் அப்பாவிடம்தான் கேட்டார்கள், எப்படி ஆயிற்று என்று.

"கொஞ்சம் ட்ராஃபிக்," என்றார் முதலில் வந்தவரிடம். அடுத்து வந்தவரிடம் அது ஒரே ஜாம் ஆனது. எதிர்வீட்டு டீச்சர் வந்தபோது லாரி ஒன்று குறுக்கே நின்றது. மத்தியானத்துக்குள் அந்த லாரி குடைசாய்ந்தேவிட்டது. மகள் அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"வண்டின்னா மாமா கைக்கு அடங்கும். ரோடு அடங்கலையே, அவரு என்ன செய்வாரு?" என்று மூக்கைச் சிந்தினார் தெருக்கோடி டெய்லர். அவர் வண்டியின் முன்பக்கம் மொத்தமும் அப்பா போட்ட தையலில்தான் ஓடுகிறது. மகளுக்கு அவரை எழுப்பி வெளியே தள்ள வேண்டும் போல இருந்தது.

அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். அந்த மனிதர் தன் வாயால் சொல்ல வேண்டும். அவள் சொல்லிவிடலாம்; சொன்னால் தம்பி இனி இந்த வாசலை மிதிக்க மாட்டான், அவன் கோபம் அப்படி. சொல்லாவிட்டால் ஆயுசுக்கும் அவள் ஒருத்தி மட்டும் அந்த மேம்பாலத்தடியிலேயே நிற்க வேண்டியதுதான்.

தம்பி வெளியூரிலிருந்து பஸ் பிடித்து வந்து சேர்ந்தான். அம்மாவின் காலைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் அழுதான். முகத்தைத் துடைத்துக்கொண்டு அப்பாவிடம் கேட்டான்.

"ட்ராஃபிக்டா," என்றார் அப்பா. "லாரி ஒண்ணு..."

தம்பி தலையாட்டிவிட்டு அவள் பக்கம் திரும்பினான். "அக்கா, நீதானே கூட இருந்தே. அம்மா கடைசியா ஏதாவது சொன்னாங்களா?"

"சொன்னாங்க."

"என்ன சொன்னாங்க?"

"அவரை அவசரப்படுத்தாதடி, கை சுட்டுக்கும்னு சொன்னாங்க."

தம்பிக்குப் புரியவில்லை. "எதுல சுட்டுக்கும்?"

மகள் அப்பாவைப் பார்த்தாள். டெய்லரும் பார்த்தார், டீச்சரும் பார்த்தாள். லாரி இனி எங்கே போய் நிற்கும்?

"டேங்க் விட்டுருச்சுடா," என்றார் அப்பா. "ஒட்டிப் பாத்தேன்."

"நடுரோட்டுலயா? அம்மாவை உள்ள படுக்க வெச்சுட்டா?"

"அந்தப் பிளாஸ்டிக்ல பசை நிக்காதுடா." அவர் யாரையும் பார்க்கவில்லை. வண்டி கொண்டுவருகிறவர்களிடம் விளக்குகிற அதே குரலில் சொன்னார். "மெழுகாட்டம் வழவழன்னு இருக்கும். அதுவும் சூடு, ஈரம். நிக்கவே நிக்காது. எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா?"

"அவ கெடக்குற கெடையப் பாத்தேன். கை கால் ஓடல. எனக்கு வேற எதுவும் தெரியாதேடா."

தம்பி எழுந்துபோய்ச் சுவர் ஓரமாக நின்றுகொண்டான். காலையிலிருந்து மகள் காத்திருந்த வார்த்தை வந்தாகிவிட்டது. வந்தால் எரிச்சல் அடங்கும் என்று நினைத்திருந்தாள். அடங்கவில்லை. இந்தப் பாவி மனிதர் லாரியையே கட்டிக்கொண்டு அழுதிருக்கலாமே என்று இருந்தது. அதுவாக இருந்தால் வெறுத்துவிட்டுப் போயிருக்கலாம்.

வாசலில் அமரர் ஊர்தி வந்து நின்றது. டிரைவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே எட்டிப்பார்த்தான்.

"கிளம்பலாங்களா? முன்னாடி என்கூட ஒரு ஆள் உக்காரலாம். யார் வர்றீங்க?"

தம்பி சுவரைப் பார்த்தபடியே நின்றான். அப்பா எழுந்தார். ஓரடி வைத்துவிட்டு நின்று, போகட்டுமா என்பது போல மகளைப் பார்த்தார். அவள் குனிந்து அம்மாவின் கால்மாட்டில் விரிப்பை இழுத்துவிட்டாள். அது சரியாகத்தான் இருந்தது.

டிரைவர் இன்னொரு தடவை கேட்டான்.