புளி தறித்த செய்தி

அவித்த நண்டின் ஓட்டைக் கழற்றி, கத்தி நுனியால் வெள்ளைச் சதையை உடையாமல் எடுத்து ஐஸ் தட்டில் வைத்தாள் மேரிறோஸ். மண்கும்பான் கரையிலிருந்த அந்தக் கொட்டிலில் பன்னிரண்டு பெண்கள் குந்தியிருந்தார்கள். ஓட்டுத் துண்டொன்று சதையோடு போனால் தட்டு முழுவதும் திரும்பி வரும். விரல் வெட்டுகளில் நண்டுத் தண்ணீர் பட்டுப் பட்டு, எரிவே அவளுக்கு மறந்துவிட்டது.

மேற்பார்வை பார்க்கும் தம்பிஐயா வாசலில் நின்று கூப்பிட்டார்.

"மேரிறோஸ், பள்ளிக்கூடத்தாலை ஆள் வந்தது. உடனை வரட்டாம்."

"தட்டு பாதியிலை கிடக்கு, அண்ணை."

"மிச்சத்தை றஞ்சனி பாப்பாள். கையை வடிவாக் கழுவிப்போட்டுப் போ. ரீச்சர்மார் மூக்கைப் பொத்துவினம்."

பெண்கள் சிரித்தார்கள். அவளும் சிரித்துக்கொண்டுதான் போனாள்.

உப அதிபர் அன்னபூரணம் மேசையில் ஒரு தாளை வைத்தார். மேலே மகள் நிலக்சனாவின் படம், பெருநாள் சட்டையோடு. கீழே, அவள் யாருக்கோ கொம்பியூட்டரில் எழுதியவை. நீங்கள் எழுதாட்டி எனக்குப் படிப்பும் ஓடுதில்லை. எப்ப என்னைக் கூப்பிடுவியள்?

"பஸ் ஸ்ராண்டிலை பெடியள் இதை வாசிச்சுச் சிரிக்கிறாங்கள். பதினாலு வயசுப் பிள்ளை. தாயெண்டு நீர் என்ன பாத்துக்கொண்டிருந்தனீர்?"

"பக்கத்திலை நிண்டனான், ரீச்சர்."

நின்றது உண்மை. புருசன் மரியநாயகம் கடலோடு போய் நாலு வருசம். சண்டை ஓய்ந்து பாதை திறந்து, வேலணைச் சந்தியில் பிரதாபனின் கொமினிகேசன் என்ற போன், இன்ரநெற் கடை வந்த பிறகு, தாயின் ஒன்றுவிட்ட தமையன் எமிலியானுஸின் மகன் றெக்ஷன் ஜேர்மனியிலிருந்து நெற்றில் எழுதுகிறான் என்றாள் நிலக்சனா. அங்கே கூப்பிட்டுப் படிப்பிக்கப் போகிறானாம். கண்ட ஆளையும் நம்பக்கூடாது என்று மேரிறோஸுக்குத் தெரியும். அதனால்தான் நண்டு மணத்தோடு போய்க் கதிரைக்குப் பின்னால் நின்றாள். ஊருக்குள் புதிதாக வருபவனிடம் கேட்பதைத்தான் கேட்கச் சொன்னாள்.

"கேள் பிள்ளை, சுருவிலிலை அவையின்ரை வளவுக்கை, கிணத்தடியிலை என்ன மரம் நிண்டது?"

நிலக்சனா எழுதினாள். பலகைத் தட்டிக்கு அந்தப்புறம் பிரதாபன் தன்பாட்டில் எதையோ படபடவென்று தட்டிக்கொண்டிருந்தான். பதில் வந்தது. புளி. ஆனா இப்ப இல்லை மாமி, போன கிழமை தறிச்சுப்போட்டாங்கள்.

அவளுக்கு நெஞ்சு குளிர்ந்துவிட்டது. அவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு வளவை எப்படி விசாரித்து வைத்திருக்கிறான்! "எங்கடை ரத்தந்தான், பிள்ளை" என்றாள். ஸ்பொன்சருக்குப் படம் வேணும் என்று கேட்டபோது பெருநாள் படத்தைப் பெட்டிக்குள்ளிருந்து அவளே எடுத்து, அனுப்பச் சொல்லிப் பிரதாபனிடம் கொடுத்தாள். நண்டு மணக்குது என்று பிரதாபன் முகத்தைச் சுளித்ததால், அதன்பிறகு வாசலோடு நின்றுகொண்டாள்.

பள்ளிக்கூடத்திலிருந்து நேரே அவனுடைய கடைக்குப் போய் ஜேர்மனிக்குப் போன் எடுத்தாள்.

"றெக்ஷனோ?" என்றார் எமிலியானுஸ். "அவனுக்குத் தமிழிலை ஒரு சொல்லும் ஏலாதே."

"அப்ப புளி தறிச்சதை உங்களுக்கு ஆர் சொன்னது?"

எமிலியானுஸ் திருப்பிக் கேட்டார்.

"என்ரை புளியைத் தறிச்சுப்போட்டாங்களோ? எப்ப?"

ரிசீவரை வைத்தாள். தட்டிக்கு அந்தப்புறம் தட்டுகிற சத்தம் நின்றிருந்தது. மகள் எழுதிவிட்டுக் காத்திருந்த ஒவ்வொரு முறையும் அங்கேதான் சத்தம் கேட்டது. அது ஓய்ந்த பிறகுதான் பதில் வந்தது.

"பிரதாபன், நீதானே?"

அவன் எழும்பி வந்தான். முகம் வெளிறியிருந்தாலும் குரல் ஏறியே இருந்தது.

"என்னக்கா விசர்க்கதை? பிள்ளையைத் தாய்தான் பாக்கோணும். நான் கடை நடத்திறனான், காவல் இருக்கிறேல்லை."

திரும்பவும் உப அதிபரிடம் போனாள்.

"சாட்சி இருக்கோ?" என்றார் அவர். "பொலிசுக்குப் போனா உம்மடை பிள்ளையின்ரை பேர்தான் இன்னும் நாறும். அந்தப் பெடியன்தான் பள்ளிக்கூடத்துக்குப் பேப்பரெல்லாம் சும்மா அடிச்சுத் தாறவன். கதை அடங்குமட்டும் பிள்ளை வீட்டிலை நிக்கட்டும்."

அன்று பின்னேரம் மகளிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"ஏன் பிள்ளை உப்பிடி எழுதினனி?"

"நீங்கள்தானே எங்கடை ரத்தம் எண்டனீங்கள்."

அதற்குப் பிறகு வீட்டில் ஒருத்தி குசினிக்குள், ஒருத்தி முற்றத்தில்.

மூன்று மாதமாகியும் கதை அடங்கவில்லை. நிலக்சனா இப்போது கொட்டிலில் தாய்க்குப் பக்கத்தில் குந்தியிருந்தாள். மற்றப் பெண்கள் நாளுக்குக் கொஞ்சமாகத் தங்கள் பலகைகளை அப்பால் இழுத்திருந்தார்கள். இருவரையும் சுற்றி ஈர நிலம் வெறுமையாகக் கிடந்தது.

ஒருநாள் றஞ்சனி மட்டும் எழும்பி வந்து ஒரு தாளை நீட்டினாள்.

"மகன்ரை பள்ளிக்கூடத்தாலை வந்தது, பிள்ளை. கையெழுத்து வைக்கட்டாம். என்னெண்டு ஒருக்கா வாசி."

நிலக்சனா கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு வாங்கினாள். வகுப்பில் வாசிப்பவளைப் போல முதுகு நிமிர்ந்தது.

"அன்புடைய பெற்றோருக்கு. இணையத்தளம் பயன்படுத்தும் பிள்ளைகளைப் பெற்றோர் அருகில் நின்று கவனிக்க வேண்டும். பிள்ளைகளின் பாதுகாப்புக்குப் பெற்றோரே முழுப் பொறுப்பு."

மேரிறோஸின் கத்தி அசையாமல் நின்றது.

நிலக்சனா அடியில் இருந்த சின்ன எழுத்தையும் விடவில்லை.

"பிரதி அன்பளிப்பு, பிரதாபன் கொமினிகேசன், வேலணைச் சந்தி."

அவள் பிடித்திருந்த இடத்தில் தாள் ஈரமாகியிருந்தது. றஞ்சனி அதை வாங்கி உதறிக்கொண்டு போனாள். நிலக்சனா அடுத்த நண்டை எடுத்து, ஓட்டைக் கழற்றினாள்.