புகையை முட்டும் மாடன்

1.

இந்தக் கதையை நான் குப்புறப் படுத்துக்கொண்டு கேட்டேன். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொன்னவன் முகத்தை நான் பார்க்கவில்லை. முகத்துக்கு நேரே சொல்லுகிறவனையே நம்பாதவன் நான். முதுகுக்குப் பின்னாலிருந்து வந்த கதையை எப்படி நம்புவேன்? நம்பவில்லை. ஆனாலும் எழுதுகிறேன். ஏன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன், சொல்ல முடிந்தால்.

புளியங்குடியிலிருந்து எலுமிச்சை ஏற்றி லாரி ஓட்டியே என் முதுகு போய்விட்டது. வீடு தென்காசியில். சீசன் வந்தால் பஸ் ஏறிக் குற்றாலம் போய், எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வருவேன். ஐந்தருவிக்குப் போகிற பாதையில், மருதமரத்தடியில் ஒரு பலகைக்கல் கிடக்கிறது. ஆள் படுத்தால் கால் வெளியே நீளாத கல். அதில் நான் படுத்திருந்தபோது, எண்ணெய் தேய்த்த நல்லக்கண்ணு சொன்னதுதான் இது.

2.

முதலில் இப்படித் தொடங்கினேன்:

மலைமுகட்டில் வெண்பஞ்சு மேகங்கள் தவழ்ந்துகொண்டிருந்த ஓர் இனிய காலைப்பொழுதில்

அடித்துவிட்டேன். மேகத்தை யார் பார்த்தது? நான் பார்த்தது கல்லை. மூக்குக்கு நேரே ஓர் எறும்பு போய்க்கொண்டிருந்தது. அவ்வளவுதான்.

அடுத்தது:

நல்லக்கண்ணு ரொம்ப நல்ல

இதையும் அடித்தேன். எனக்கு எப்படித் தெரியும்?

மூன்றாவது: போனில் பூதங்களை மோதவிடுகிற ஒரு விளையாட்டு உண்டு.

இதை விட்டுவைக்கிறேன். விசாரித்துவிட்டேன், உண்டு. (அருவியை வர்ணிக்கச் சொல்லி யாரும் கேட்க வேண்டாம். தண்ணீர் மேலேயிருந்து கீழே விழுகிறது.)

3.

நல்லக்கண்ணுவுக்கும் சங்கிலிப்பாண்டிக்கும் அந்தக் கல்தான் சண்டை. இருவரும் எண்ணெய் தேய்க்கிறவர்கள். அருவிக்குப் போகிறவன் கண்ணில் முதலில் படுகிற இடம் அது. நிழல் உண்டு, ஈரம் ஏறாது. கல் கிடைத்தவனுக்குத்தான் சீசன். கிடைக்காதவன் கார் நிறுத்துகிற இடத்தில் தார்ப்பாயை விரித்துக்கொண்டு, திரும்பி வருகிறவர்களைக் கூப்பிட வேண்டும். குளித்து முடித்துத் தலை துவட்டிக்கொண்டு வருகிறவன் எவன் எண்ணெய் தேய்ப்பான்?

சீசன் தொடங்கியதுமே இருவரும் கல்லின் மேல் கட்டிப் புரண்டார்கள். இருவர் உடம்பிலும் எண்ணெய் இருந்ததால் யாருடைய பிடிக்கும் யாரும் அகப்படவில்லை. எதிரே டீக்கடை வைத்திருக்கிற ஞானபாக்கியம் கொஞ்ச நேரம் பார்த்திருந்துவிட்டு எழுந்து வந்தாள். இரண்டு பேருக்கும் எண்ணெய் காய்ந்து வருவது அவள் அடுப்பிலிருந்துதான்.

"ஏலே, கேட்டுக்கிடுங்க. இனி ஒருத்தன் மேல ஒருத்தன் கை வச்சீயன்னா ரெண்டு பேருக்குமே காச்சித் தர மாட்டேன். பச்சை எண்ணெயத் தூக்கிக்கிட்டு அலைங்க."

அன்றைக்கு வெள்ளம். அருவியில் குளிக்கத் தடை. வேலை இல்லை. தடை நாட்களில் எல்லோரும் போனை நோண்டுவார்கள்; இவர்கள் நோண்டுவது அந்த விளையாட்டை.

"கை வைக்காம அடிச்சிக்கிடலாம்லாவே?" என்று கேட்டது சங்கிலிப்பாண்டி.

ஜெயித்தவனுக்குக் கல், தோற்றவனுக்குத் தார்ப்பாய், ஞானபாக்கியம் சாட்சி என்று முடிவாயிற்று.

* வளர்ந்த ஆட்கள் இப்படியெல்லாம் செய்வார்களா என்று நீங்கள் கேட்பீர்கள். நானும் கேட்டேன். நல்லக்கண்ணு என் இடுப்பெலும்புக்கு மேலே ஓர் இடத்தில் கட்டைவிரலை இறக்கினான். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை. இந்தக் கதையில் சந்தேகப்பட வேண்டிய இடங்கள் பலவற்றில் நான் வலியில் இருந்தேன். விட்டுப்போன சந்தேகங்களை நீங்களே பட்டுக்கொள்ளுங்கள்.

4.

ஆளுக்கு மூன்று பூதம். பூதங்களின் அடி இரண்டு வகை. தொட்டு அடிப்பது ஒன்று: முட்டு, கடி, குத்து. தொடாமல் அடிப்பது இன்னொன்று: நெருப்பை ஊதுவது, மின்னலை இறக்குவது, கண்ணை மூடி நினைத்தே எதிராளியைச் சுருள வைப்பது. நல்லக்கண்ணுவுக்கு இந்த இரண்டாவது வகை மேல் துளி மரியாதை கிடையாது.

"தொடாம அடிச்சா அது அடியாவே?" என்பான். "நான் தொடாமலே எண்ணெ தேய்க்கேன்னு சொன்னா படுப்பீரா?"

அவனுடைய பூதம் பாதி கருங்கல், பாதி காண்டாமிருகம். விளையாட்டு அதற்கு வாயில் நுழையாத ஒரு பேர் வைத்திருந்தது. நல்லக்கண்ணு மாடன் என்று மாற்றினான். கிடைத்த தீனியையும் பயிற்சியையும் மாடனுக்கே கொட்டினான். மற்ற இரண்டும், ஒரு மீனும் ஒரு குருவியும், பேருக்கு வந்தவை. மாடனுக்கு வேகம் இல்லை. யோசனை இல்லை. முட்டினால் எதிரே நின்றது இராது. கல்லெறியவும் தெரியும். (கல் எறிவது தொடாத அடியாயிற்றே என்றேன். "கையால எடுத்துல்லா எறியுதான்?" என்றான் நல்லக்கண்ணு.)

இது போதாதென்று மாடன் இடுப்பில் ஒரு கச்சையும் கட்டியிருந்தான். கச்சை கட்டினால் பலம் ஒன்றரை மடங்காகும். ஆனால் ஒரு கட்டுப்பாடு. களத்தில் இறங்கி முதலில் எந்த அடியை எடுக்கிறதோ, அந்தப் பூதம் அதையேதான் அடிக்க முடியும். வேறு அடி வேண்டுமென்றால் உள்ளே கூப்பிட்டு, இன்னொரு பூதத்தை அனுப்பி, மறுபடி இறக்க வேண்டும்.

(எனக்கு நடந்ததும் இதுதான். குப்புறப் படுத்தேன் என்று முதல் வரியில் எழுதிவிட்டேன். இனி கதை முடிகிறவரை நிமிர முடியாது.)

ஆட்டம் தொடங்கியது. மீன் போயிற்று. குருவி போயிற்று. நல்லக்கண்ணு அசரவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாடனை இறக்கினான். எதிரே இலையால் ஆன ஒரு குரங்கு. முட்டு. குரங்கு இல்லை. அடுத்து ஓடு போட்ட தவளை. முட்டு. ஓடு கிடந்தது, தவளை இல்லை.

நல்லக்கண்ணு போனிலிருந்து கண்ணை எடுத்துக் கல்லைப் பார்த்தான். மழையில் நனைந்து கறுத்துக் கிடந்தது. அதில் துண்டை விரித்து, ஊர் ஊராக வருகிற முதுகுகளையெல்லாம் வரிசையாகப் படுக்க வைத்தாயிற்று, மனதுக்குள்.

"தார்ப்பாயச் சுருட்டி வச்சிக்கிடுவே பாண்டி."

"இரும். இன்னும் ஒண்ணு இருக்குல்லா."

மூன்றாவதாக வந்தது புகைச்சி. உடம்பு முழுக்கப் புகை. கண் இருக்கிற இடத்தில் இரண்டு ஓட்டை. மாடன் ஓடிப்போய் முட்டினான். முன்பக்கம் நுழைந்து பின்பக்கம் வந்து நின்றான். திரையில் எழுத்து வந்தது: பலன் இல்லை.

கல்லெறிந்தால் புகை கலைந்துவிடும். ஆனால் எடுத்தது முட்டு, கச்சை விடாது. உள்ளே கூப்பிடலாமென்றால் அனுப்ப வேறு பூதம் இல்லை.

"அந்தக் கச்சைய அவுத்துத் தொலையேன்லே!" என்று நல்லக்கண்ணு போனைப் பார்த்துக் கத்தினான். மாடன் தலையைத் தாழ்த்தி, காலால் மண்ணைக் கிளறி, அடுத்த முட்டுக்குத் தயாராக நின்றான்.

சரி, சங்கிலிப்பாண்டி ஜெயித்திருக்க வேண்டாமா? அங்கேயும் கோளாறு. புகைச்சிக்குப் பயங்காட்டத் தெரியும். தன்னைத் தானே தேற்றிக்கொள்ளத் தெரியும். அடிக்கத் தெரியாது. கொல்லுகிற வேலையைக் குரங்கும் தவளையும் பார்த்துக்கொள்ளும் என்று அவன் விட்டுவிட்டான்.

மாடன் முட்டினான். பலன் இல்லை. புகைச்சி பயங்காட்டினாள். மாடன் கல், பயமில்லை. மாடன் முட்டினான். பலன் இல்லை. புகைச்சி தன்னைத் தேற்றிக்கொண்டாள். ஒருவரும் தொடாதபோது எதற்குத் தேற்றிக்கொண்டாள் என்பது எனக்கு

(இந்த வாக்கியம் எங்கே போகிறதென்று தெரியவில்லை. விட்டுவிடுகிறேன்.)

5.

நல்லக்கண்ணு சொன்ன முடிவு:

"முட்டுக்கும் ஒரு அளவு இருக்கு அண்ணாச்சி. அது தீந்துச்சுன்னா பூதத்துக்கு வெறி வந்துரும். கண்ணு மண்ணு தெரியாம அடிக்கும். அந்த அடிக்குப் புகையும் ஒண்ணுதான், கல்லும் ஒண்ணுதான். மாடன் ஒரே போடு. புகைச்சியக் காங்கல. கல்லு நமக்கு."

நான் படுத்திருந்தது அந்தக் கல். தேய்த்தவன் நல்லக்கண்ணு. கணக்குச் சரி என்று வீட்டுக்கு வந்துவிட்டேன்.

மறுநாளும் முதுகு கேட்டது. போனேன். கல்லருகே துண்டோடு நின்றவன் சங்கிலிப்பாண்டி.

"படுங்க அண்ணாச்சி."

படுத்தேன். சங்கிலிப்பாண்டி சொன்ன முடிவு:

"அவன் கையிலதான் எப்பவும் எண்ணெயாச்சே. முட்ட அமுக்கப் போன வெரலு வழுக்கி, பக்கத்துல இருந்த சரண் பொத்தான்ல விழுந்துட்டு. சரணடைந்தார்னு தெரையில வந்துட்டு. ஒரே அழுவ. நாந்தான் மூக்கத் தொடச்சி விட்டேன். கல்லு நமக்கு."

இரண்டு பேரும் ஒரே கல்லை ஜெயித்திருக்கிறார்கள். ஒருவன் பொய்யன். அல்லது இரண்டு பேரும். எனக்கு இரண்டாவதுதான் பிடித்திருந்தது.

மூன்றாவதாக நானே ஒரு முடிவு எழுதிப் பார்த்தேன். இவர்கள் போனிலேயே கிடக்க, இலத்தூரிலிருந்து விடியற்காலையிலேயே வந்த ஒருவன் கல்லில் துண்டை விரித்துவிடுகிறான். கிழித்துவிட்டேன். பள்ளிக்கூடப் பாடம் மாதிரி இருந்தது. அத்தோடு, இலத்தூரில் எனக்கு ஒரு மச்சினன் உண்டு. அவ்வளவு காலையில் அங்கே ஒருவனும் எழுந்திருக்கிறதில்லை.

6.

அடுத்த நாள் நேராக டீக்கடைக்குப் போனேன். ஞானபாக்கியத்தின் முகத்தைப் பார்த்தபடியே கேட்டேன். இந்தக் கதையில் நான் முகம் பார்த்துக் கேட்டது இது ஒன்றுதான்.

"யாரு ஜெயிச்சா?"

"எங்க ஜெயிச்சா? இன்னும் முட்டிக்கிட்டுல்லா கெடக்கு."

ஆட்டம் நடந்த அன்றே தடையை நீக்கிவிட்டார்களாம். கூட்டம் வந்துவிட்டது. பூதத்தை அப்படியே நிறுத்திவிட்டு இருவரும் எண்ணெய்க் கிண்ணத்தைத் தூக்கினார்கள். ஆட்டம் முடிகிறவரை கல் ஒருநாள் இவனுக்கு, ஒருநாள் அவனுக்கு என்று அவள்தான் தீர்ப்புச் சொன்னாள். அந்த விளையாட்டில் நாளுக்கு ஓர் அடி எடுத்தால் போதும், எடுக்காதவன் தோற்றவன். சாயங்காலம் அவள் கடை பெஞ்சில் உட்கார்ந்து இவன் ஒரு முட்டு, அவன் ஒரு தேற்றல். பிறகு ஆளுக்கு ஒரு டீ.

"பெறவு ஏன் ரெண்டு பயலும் ஜெயிச்சேன் ஜெயிச்சேன்னு சொல்லுதானுவ?"

"தோத்தவன்கிட்ட யாரு முதுகக் குடுப்பா அண்ணாச்சி? நீங்க குடுப்பீயளா?"

கொடுக்க மாட்டேன்.

"ஆனா நேத்தோட முட்டு தீந்துட்டு," என்றாள் அவள், டம்ளரைக் கழுவிக்கொண்டே. "இன்னைக்குச் சாயங்காலம் வெறி அடிதான்."

ஆக, நல்லக்கண்ணு சொன்னது பொய் இல்லை. நடப்பதற்கு முன்னாலேயே சொல்லிவிட்டான், அவ்வளவுதான்.

7.

எழுந்து கல்லுக்குப் போனேன். இன்றைக்கு நல்லக்கண்ணுவின் நாள். ஆனால் சங்கிலிப்பாண்டியும் தார்ப்பாய்க்குப் போகாமல் அங்கேயே நின்றான். சாரல், வேறு ஆள் இல்லை.

"ரெண்டு பேரும் என்னவே பண்ணுதீய?"

"ஒங்க முதுகு ஒராளுக்கு அடங்கல அண்ணாச்சி. படுங்க."

படுத்தேன். மேலே ஒருவன், கீழே ஒருவன். எது யார் கை என்று தெரியவில்லை.

"மாடன இம்புட்டு நாளா முட்ட விட்டிருக்கேன்," என்றான் நல்லக்கண்ணு. "புகைச்சி மேல ஒரு அடியாவது படணும்லா? பட்டாத்தான அவன் மாடன்?"

"படட்டும்," என்றான் சங்கிலிப்பாண்டி. "நான் தார்ப்பாயத் தொவச்சிப் போட்டாச்சு."

"ஒன்னய எவம்லே தொவைக்கச் சொன்னான்?"

"அழுக்கா இருந்துச்சு, தொவச்சேன்."

"நான் இன்னும் அடிக்கவே இல்ல. அதுக்குள்ள எதுக்குலே தொவச்ச?"

கைகள் வேகமாக ஓடின. அந்த வேகம் முழுக்க என் முதுகுக்குத்தான் வந்தது. கொஞ்ச நேரம் கழித்து நல்லக்கண்ணு போனைக் கொண்டுவந்து, கல்லில், என் மூக்குக்கு நேரே வைத்தான்.

"கையெல்லாம் எண்ணெ. அண்ணாச்சி, நீங்க அமுக்குங்க."

இத்தனை நாளும் அவன் முட்டியது எண்ணெய்க் கையோடுதான். அதை நான் சொல்லவில்லை. திரையில் மாடன் நிற்கிறான். எதிரே புகைச்சி. கீழே இரண்டு பொத்தான்: இடது பக்கம் வெறி அடி, வலது பக்கம் சரண். எறும்பு ஒன்று இரண்டுக்கும் நடுவில் நடக்கிறது.

இடதை அமுக்கினால் கல் நல்லக்கண்ணுவுக்கு. வலதை அமுக்கினால் சங்கிலிப்பாண்டிக்கு. எதையும் அமுக்காவிட்டால் சாயங்காலம் ஆகும், அப்போதும் சங்கிலிப்பாண்டிக்கு. சும்மா இருப்பதும் ஒரு பக்கம் சாய்வதுதான் என்று வைத்திருக்கிறான், அந்த விளையாட்டைச் செய்தவன். அவனையும் நான் நம்பவில்லை.

ஆனால் ஒன்று கண்டுபிடித்தேன். கதையை இந்த வரியில் நிறுத்திவிட்டால் சாயங்காலம் ஆகாது. நான் அடுத்த வரியை எழுதினால்தானே பொழுது போகும்? நிறுத்துகிறவரை கல் இரண்டு பேருக்கும் உண்டு. தார்ப்பாய் கொடியில் காய்ந்துகொண்டே இருக்கும். அதற்காகத்தான் எழுதினேன்.

இதற்கு மேல் வேண்டுமென்றால் நீங்கள்தான். உங்களை எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தாலும் நம்பமாட்டேன். ஆனால் இங்கே எண்ணெய் படாத விரல் உங்களுடையது மட்டும்தான். எறும்பு தாண்டிவிட்டது. அமுக்குவதென்றால் அமுக்குங்கள்.

அமுக்குமுன் ஒன்று. என் முதுகில் இப்போது நான்கு கைகள் இருக்கின்றன.