பதினேழு பெட்டிகளைக் காணவில்லை

ராஜபாளையத்தில் இருக்கும் எங்கள் இன்டர்நெட் கம்பெனி, போன வருஷம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு கேபிள்காரரின் கம்பெனியையும் வாங்கிப் போட்டது. வாங்கினதோடு சும்மா இருந்தார்களா? இரண்டு ஊரிலும் கம்பத்திலும் மாடியிலும் தொங்குகிற நெட் பெட்டிகளை எல்லாம் ஒரே மாதிரி பட்டியல் போட வேண்டும் என்றார் முதலாளி நவநீதகிருஷ்ணன். அந்த வேலை ஹெப்சிபாவாகிய என் தலையில் விழுந்தது. பட்டியல் சுத்தமாக வந்தால் இரண்டு ஊருக்கும் நான்தான் மேனேஜர் என்றும் சொல்லியிருந்தார்.

விடுவேனா? நாற்பத்தோரு கட்டம் போட்டு ஒரு ஃபாரம் செய்தேன். மாடல், நிறம், ஒயர் எங்கே போகிறது, நாங்கள் ஒட்டிய லேபிள் எண், எல்லாம் உண்டு. லேபிள் எண் இல்லாவிட்டால் ஃபாரம் எதையும் உள்ளே விடாது. லைன்மேன்கள் போனிலேயே நிரப்ப வேண்டியதுதான்.

ஸ்ரீவில்லிபுத்தூர் லைன்மேன்களில் மூத்தவர் பொன்னுராஜ் அண்ணாச்சி. அவர் ஒருநாள் போன் போட்டார்.

"தாயி, சுந்தரபாண்டியத்துல நம்ம சாமான் ரூம்ல கொஞ்சம் பெட்டி கெடக்கு. லேபிள் இல்ல. ஒன் ஃபாரம் செவப்பா கத்துது."

"லேபிள் இல்லாம எப்படி இருக்கும்? ஒழுங்காப் பாருங்க அண்ணாச்சி."

"பாத்துட்டுத்தான் சொல்லுதேன்."

"லேபிள் நம்பர் கட்டாயம்னா கட்டாயந்தான். எனக்கு வேற வேலை இருக்கு."

வைத்துவிட்டேன். அப்போது எனக்கு அவ்வளவு கொழுப்பு.

பட்டியல் முடிந்தது. முதலாளி அதைப் பழைய பில்களோடு வைத்துப் பார்த்தார். ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வாங்கியது அறுபது பெட்டி. என் பட்டியலில் நாற்பத்து மூன்று.

"பதினேழு பெட்டிய வித்துத் தின்னுட்டானா அந்தப் பொன்னுராஜ்? சாயங்காலம் நாலு மணிக்கு வரச் சொல்லு. வேலைய விட்டு நிறுத்துற லெட்டரக் கையில குடுத்து அனுப்பிருதேன்" என்று குதித்தார்.

எனக்கும் ஆத்திரம்தான். என் பட்டியலையே நாறடித்துவிட்டாரே இந்த மனுஷன்! ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு நேரே சுந்தரபாண்டியம் போனேன். அண்ணாச்சி ரூமைத் திறந்து சாக்குகளைக் கவிழ்த்தார். கருகிய பெட்டிகள். எண்ணினேன். பதினேழு.

"லேபிள் எங்க அண்ணாச்சி?"

"இடி விழுந்து பெட்டி எரிஞ்சா, லேபிள உரிச்சுப் புதுப் பெட்டியில ஒட்டிருவோம். நெட்டு வரலன்னா ஜனங்க அந்த நம்பரத்தான் சொல்லுவாக. திடீர்னு மாத்துனா அவியளுக்கு என்ன தெரியும்?"

ராஜபாளையத்தில் அப்படிக் கிடையாது. அங்கே பெட்டி செத்தால் லேபிளும் அதோடு போய்விடும். இங்கே லேபிள் இடத்துக்கு உரியது, அங்கே பெட்டிக்கு உரியது. இரண்டையும் ஒரே கட்டத்தில் போட்டு அடைத்த மேதாவி நான்தான்.

ஒரு பெட்டியைப் புரட்டினேன். அடியில் தயாரித்தவன் அடித்த எண் இருந்தது. போனில் இருந்த பழைய பில்லோடு பார்த்தேன். அச்சாக அதே எண். பதினேழும் சரியாக இருந்தன. பெட்டியின் நிறம் என்ன என்றுகூடக் கேட்ட என் ஃபாரம் அந்த எண்ணைக் கேட்கவே இல்லை.

நாலு மணிக்கு இரண்டு பேரும் முதலாளி முன்னால் நின்றோம். பெட்டிகள் கிடைத்துவிட்டன என்று சொல்லி எண்களைக் காட்டினேன். மேஜைமேல் லெட்டர் தயாராக இருந்தது.

"கெட்டிக்காரிம்மா நீ!" என்றார் முதலாளி. "இவன் ஒளிச்சு வச்சத ஒரே நாள்ல கண்டுபிடிச்சிட்டயே. மேனேஜர் சீட்டு ஒனக்குத்தான்."

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. ஜன்னல் வழியாக டவுன் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். சத்தியமாகச் சொல்கிறேன், ஒரு நிமிஷம் வாயை மூடிக்கொண்டுதான் நின்றேன். சீட்டின் மேல் எனக்கு அவ்வளவு ஆசை. பிறகு என்மேலேயே எனக்கு அருவருப்பாகிவிட்டது.

"அவர் ஒளிச்சு வைக்கல சார். அன்னைக்கே போன் போட்டுச் சொன்னார். நான்தான் காது குடுக்கல. ஃபாரம் தப்பு. நான் போட்டது."

முதலாளி என்னை முறைத்தார். லெட்டரைக் கிழித்தார்.

"அப்ப சீட்டு கெடையாது. இனிமே அந்த ஃபாரத்துல ஒரு கட்டம் சேக்கணும்னாலும், எடுக்கணும்னாலும் பொன்னுராஜ் சரின்னு சொல்லணும். வெளங்குதா?"

தலையாட்டினேன். கண்ணில் தண்ணீர் முட்டியது. அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அச்செடுத்த ஃபாரத்தை வாங்கி விரித்தார்.

"பேனா குடு தாயி."

கொடுத்தேன். முதல் கட்டத்தின் மேல் பேனாவை வைத்து, "இது எதுக்கு?" என்றார். யோசித்துப் பார்த்தேன், தெரியவில்லை. அந்தக் கட்டத்தைக் கோடு போட்டு அடித்தார். அடுத்ததில் வைத்தார்.

"இது?"