மஞ்சள் தண்ணீர் பட்ட கம்ப்யூட்டர்கள்

1

இந்தக் கதை என்னுடையதல்ல. அம்பத்தூர் எஸ்டேட் டீக்கடை ஒன்றில் எனக்குப் பின்னால் நின்ற இருவர் பேசிச் சிரித்தது. “பூஜை போட்டதுல கம்ப்யூட்டரெல்லாம் கண்ண மூடிக்கிச்சாம்!” என்றார் ஒருவர். என் டீ ஆறிப்போனது, கதை கிடைத்தது. மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: “கணினிக்கும் கடவுளுக்கும் நடுவே மனிதன் என்பவன்…” அடித்துவிட்டேன். ஜெனிஷா படித்தால் சிரிப்பாள்.

ஜெனிஷா என் நாயகி. இரும்பு அச்சுகளுக்கு (டை) டிசைன் போடும் சின்னப் பட்டறை ஒன்றின் லினக்ஸ் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் அவள்தான் வைத்தியர். வீடு கரையான்சாவடி. கைக்குழந்தைக்காரி. முதலாளி பரந்தாமனிடம் மன்றாடி, தொலைவிலிருந்தே பழுது பார்க்கும் சாஃப்ட்வேர் ஒன்றை எல்லாக் கம்ப்யூட்டரிலும் போட்டு, வீட்டிலிருந்தே வேலை பார்க்க அனுமதி வாங்கியிருந்தாள். அந்த அனுமதிதான் அவளுக்கு உயிர்.

[நிம்மதியாக இருப்பவளை வைத்துக்கொண்டு கதை எழுதுவது கஷ்டம். அழவைக்கப் பார்த்தேன். “ஜெனிஷாவின் கண்களில்…” கண்ணீர் வரமாட்டேன் என்றது. விட்டுவிட்டேன்.]

3

இங்கே கொஞ்சம் கட்டுரை, பொறுத்துக்கொள்ளுங்கள். அந்த சாஃப்ட்வேர் உள்ளே வந்த அன்றே, ஒரு வார்த்தை கேட்காமல், லாகின் அமைப்பில் ஒரு வரியை எழுதிவிட்டது: இனிமேல் திரையைப் பழைய முறையில் காட்டு என்று. அந்தக் கம்ப்யூட்டர்களிலோ பழைய முறையே கிடையாது. ஆனால் அணைத்துப் போட்டால்தான் அந்த வரி வேலைக்கு வரும். பட்டறையில் அணைக்கும் வழக்கமில்லை, எந்நேரமும் ஏதாவது கணக்கு ஓடிக்கொண்டிருக்கும். வருஷத்தில் ஒரே ஒரு நாள்தான் எல்லாவற்றையும் அணைத்து, சந்தனம் குங்குமம் வைப்பார்கள். ஆயுத பூஜையன்று.

4

விஜயதசமி காலை. நல்ல நேரம் முடிவதற்குள் முதல் டிராயிங்கைத் திறந்தே ஆகவேண்டும் என்பது பரந்தாமனின் பிடிவாதம். எல்லாத் திரையும் கரிச்சட்டியாக இருந்தது. போன் போட்டார்.

“இன்னாம்மா ஜெனிஷா, அல்லாம் கருப்பா கீது! பாஸ்வேர்டு கேக்கவே மாட்டேங்குது.”

ஜெனிஷா வீட்டிலிருந்து நுழையப் பார்த்தாள், முடியவில்லை. திரை வந்தால்தான் அந்த சாஃப்ட்வேரும் வரும் போலிருந்தது.

“நேத்து மஞ்சத்தண்ணி தெளிச்சேன்மா. கொஞ்சம் ஜாஸ்தியா பூட்ச்சு. என் தப்புதான்.”

“இருங்க சார். கண்ட்ரோல், ஆல்ட், எஃப் மூணு. சேத்து அமுக்குங்க.”

“வெறும் எழுத்தா வருதே!”

“அதுதான் வேணும். நான் சொல்றத அப்படியே அடிங்க.”

பரந்தாமன் ஒற்றை விரலால் அடித்தார். லாகின் அமைப்பு திறந்தது. அவர் எழுத்து எழுத்தாக வாசிக்க வாசிக்க, ஒரு வரியில் ஜெனிஷாவுக்குச் சுருக்கென்றது. தான் எழுதாத வரி. யார் எழுதியது என்று புரிந்துவிட்டது. அழிக்கச் சொன்னாள். எல்லாக் கம்ப்யூட்டரிலும் அதையே செய்து, அணைத்துப் போடச் சொன்னாள்.

“வந்துட்ச்சும்மா! பாஸ்வேர்டு கேக்குது!” பின்னால் கைதட்டல் கேட்டது. “அடுத்த வருஷம் தண்ணியே தெளிக்க மாட்டேன்மா, சத்தியமா.”

5

ஒரு முடிவு எழுதினேன்: ஜெனிஷா வாயைத் திறக்கவில்லை. பழி மஞ்சளுக்கு, அனுமதி அவளுக்கு. வசதியான முடிவுதான். ஆனால் செய்யாத தப்புக்கு ஒரு மனிதர் சாமியிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருப்பதை அவளால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. எனக்கும்தான்.

“மஞ்சத்தண்ணி இல்ல சார். நான் போட்ட சாஃப்ட்வேர் பண்ண வேலை.”

“அப்பாடா!” என்றார் பரந்தாமன். “சாமி கோச்சிக்கல.” பிறகு, “ஆனா ஒண்ணு ஜெனிஷா…”

அதற்கு மேல் நான் எழுதப்போவதில்லை. அந்த சாஃப்ட்வேரைத் தூக்கிப்போட்டுட்டு நாளையிலருந்து ஆபீஸ் வந்துடும்மா என்று அவர் சொல்லலாம். ஊட்ல இருந்துகினு வெறும் போன்லயே முடிச்சிட்டியே என்றும் சொல்லலாம். இரண்டுக்கும் நியாயம் இருக்கிறது. பரந்தாமனின் நாற்காலியில் நீங்கள் உட்காருங்கள், போன் உங்கள் கையில். மறுமுனையில் ஜெனிஷா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். தோளில் குழந்தை தூங்குகிறது. கொஞ்சம் மெதுவாகப் பேசுங்கள்.