அனுப்பாமல் கிடந்த அறிவிப்பு

பிரிண்டரில் மை மாற்றத் தெரிந்தவன் என்ற ஒரே குற்றத்துக்காக அந்த வேலை குசாக்காவின் தலையில் விழுந்தது.

ஹிகாஷி ஒசாகாவின் சந்துகளில் ஒன்றில் இருந்த மியாவாக்கி பட்டறையில் அவன் லேத் ஓட்டுகிறவன். பம்புக்குள் போகும் பித்தளை வளையங்களைக் கடைந்தே அவனுக்குத் தலை நரைத்துவிட்டது. கணினியை அவன் அடுத்த வீட்டு நாயைப்போல் பார்ப்பான். தடவிக் கொடுப்பான், முதுகைக் காட்ட மாட்டான்.

ஆபீஸ் அறையில் இருந்த பழைய கணினி சாகக் கிடந்தது. போட்டால் இரையும், இரைந்து இரைந்து கடைசியில் நீலமாக முழிக்கும். முதலாளி மியாவாக்கி புதிதாக ஒன்று வாங்கிவந்தார். அதில் பழைய மெயில் ஒன்றுகூட இல்லை.

"மாத்திக் குடுக்க என்ன ஆகும்னு கடைக்காரன்கிட்ட கேட்டேன். கம்ப்யூட்டர் விலையில பாதி கேக்குறான், கொள்ளைக்காரப் பய," என்றார் முதலாளி. "நீதான் பிரிண்டரைச் சரி பண்ணினியே. இதையும் பாரு."

"அது மை மாத்தினது முதலாளி. இது வேற."

"எல்லாம் கரண்டுல ஓடுறதுதானே?"

அதற்கு மேல் என்ன பேசுவது? நூலகத்தில் எடுத்த புத்தகத்தைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு குசாக்கா உட்கார்ந்தான். பழைய மெயில்களை மொத்தமாக ஒரு வட்டில் ஏற்றிப் புதியதில் இறக்கினான். இறங்கியது பாதி செல்லரித்த ஏடாக இருந்தது. விலைப்பட்டியல்கள் கட்டமும் கேள்விக்குறியுமாக நின்றன. பழைய எழுத்துமுறை எது என்று புதிய கணினிக்குச் சொல்லிக் கொடுத்ததும் எழுத்து எழுத்தாகத் திரும்பி வந்தது. திறக்க மறுத்த கோப்பைச் சரிசெய்கிற கருவியில் போட்டு எடுத்தான். அதுவும் வாயைத் திறந்தது.

மிச்சம் ஒன்றே ஒன்று. முதலாளிக்கு மெயில் முகவரி இரண்டு. பழைய முகவரியிலிருந்து எப்போதோ அனுப்ப முடியாமல் போய்விட்டது. அப்போது அவர் வேறொரு முகவரி வாங்கி அதிலிருந்தே எழுதிக்கொண்டிருந்தார். பழையதில் வருவது மட்டும் வந்துகொண்டிருந்தது. அந்தப் பழைய முகவரியின் பக்கத்தில் 'அனுப்ப இயலவில்லை' என்று ஒரு சிவப்புக் குறி நின்றது.

"அது இருந்தா என்ன முதலாளி, வர்றது வருதே."

"எனக்கு அந்தச் சிவப்பு பிடிக்கலை. பேங்க்காரன் மாதிரி முறைச்சுகிட்டே இருக்கு. எடுத்துடு."

புத்தகத்தில் இருந்தபடி அந்த முகவரியின் அமைப்பில் இரண்டு எண்களை மாற்றினான். சிவப்பு போயிற்று. திரையின் அடியில் பச்சைக் கோடு ஒன்று ஊர்ந்து ஊர்ந்து மறைந்தது. உடம்பு சரியான பிள்ளை சிரிக்கிறது என்று குசாக்கா நினைத்துக்கொண்டான். முதலாளி சந்தோஷத்தில் அவனுக்கு டப்பா காப்பி ஒன்று வாங்கிக் கொடுத்தார்.

அந்தப் பச்சைக் கோட்டில் ஊர்ந்து போனது பட்டறையின் சாவு ஓலை.

முன்பு ஒரு சமயம் சந்து முழுக்க வேலையில்லாமல் அடங்கிப் போயிருந்தது. ஒருநாள் முதலாளி மனம் வெறுத்து, 'இத்துடன் தொழிலை மூடுகிறோம், இத்தனை காலம் காட்டிய அன்புக்கு நன்றி' என்று எழுதி, வாடிக்கையாளர், சரக்குக்காரர் எல்லாருக்கும் சேர்த்து அனுப்பும் பொத்தானை அழுத்தினார். கணினி முடியாது என்றது. மறுநாளே பெரிய பம்பு கம்பெனியிலிருந்து ஆர்டர் வந்தது. போகாத கடிதம் செத்துப் போனது என்று அவர் மறந்துவிட்டார். அது சாகவில்லை, போகவேண்டிய பெட்டியில் குந்திக்கொண்டு வழி திறக்கக் காத்திருந்தது. வழியைத் திறந்து விட்டவன் குசாக்கா.

அடுத்த நாள் காலையில் பித்தளைக்காரரின் லாரி வந்தது. போன வாரம் கடனுக்கு இறக்கிய தண்டுகளை அவர் திருப்பி ஏற்றிக்கொண்டார். "மனசுக்கு ரொம்பக் கஷ்டமா இருக்கு மியாவாக்கி. டேய், அந்த மூலையில கிடக்கிறதையும் எடு." பின்னாலேயே பழைய இயந்திரம் வாங்குகிறவன் அளவுநாடாவோடு வந்து, குசாக்காவின் லேத்தைத் தட்டிப் பார்த்து, "இதுக்கு இரும்பு விலைதான்" என்றான். எரிகிற வீட்டில் பிடுங்கியது லாபம்.

முதலாளியின் மனைவி ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டு, "அது தப்பாப் போனது, நாங்க மூடலை" என்று சொன்னார். எல்லாரும் அன்பாகவே கேட்டார்கள். "ஆமாம்மா, எல்லாரும் முதல்ல அப்படித்தான் சொல்வாங்க. உடம்பைப் பார்த்துக்குங்க." பம்பு கம்பெனியின் கொள்முதல் அதிகாரி இசோபே மட்டும் சுருக்கமாகப் பேசினார். ஆர்டர் மத்தியானமே பக்கத்துச் சந்தில் பட்டறை வைத்திருக்கும் நிஷிதானிக்குப் போய்விட்டதாம்.

"என்னை உயிரோட பொதைச்சிட்டியே, குசாக்கா!" என்று கத்தினார் முதலாளி.

"குழியை வெட்டி வச்சது நீங்கதானே முதலாளி," என்றான் அடுத்த லேத்தில் நிற்கும் ஷிமொஜி. யாரும் சிரிக்கவில்லை.

பம்பு கம்பெனி போனால் பட்டறை நிஜமாகவே போய்விடும். சாயங்காலம் முதலாளி குசாக்காவைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நாளைக்கு இசோபே கால்ல விழப் போறோம். நீயும் வா. அவர் எதிர்ல உன்னைத் திட்டுவேன், வேலையை விட்டுத் தூக்கிட்டேன்னு சொல்வேன். ஒருத்தன் தலை உருண்டாத்தான் நம்புவாங்க. எல்லாம் நடிப்பு. மறுநாள் நீ வழக்கம்போல வந்து லேத்தைப் போடு."

"சரி முதலாளி." அவன் கையால் போனது, அவன் தலையால்தான் திரும்பவேண்டும் என்று அவனுக்கே பட்டது.

முதலாளியம்மா பயற்றம் இனிப்புப் பெட்டி வாங்கிவந்தார். "மன்னிப்புக்குப் போறப்ப பெட்டி கனமா இருக்கணும்" என்பது அவர் கணக்கு. குசாக்காவிடம் இருந்த கறுப்புக் கோட்டு இழவுக்குப் போடுவது. வயிற்றில் பொத்தான் ஏறவில்லை. மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டே இசோபேயின் அறைக்குள் போனான்.

இசோபே வயதில் சின்னவர். உட்காரச் சொல்லவில்லை. இரண்டு பேரும் இடுப்பை வளைத்து நின்றார்கள்.

"கடிதத்துல தேதியைப் பார்த்தேன்," என்றார் இசோபே. "பழைய தேதி. அப்ப இத்தனை வருஷமா மூடுற கடிதாசியைச் சட்டைப்பையில வச்சுக்கிட்டுத்தான் எங்க ஆர்டரை வாங்கியிருக்கீங்க. நடுவுல ஒருநாள் கையை விரிச்சிருந்தா எங்க கதி?"

இது ஒத்திகையில் இல்லாத கேள்வி. முதலாளியின் கழுத்தில் வேர்வை இறங்குவதைக் குசாக்கா குனிந்த வாக்கிலேயே பார்த்தான்.

"நான் எழுதலை சார்," என்றார் முதலாளி. "இவன் எழுதினது. அப்ப ஆளைக் குறைக்கப் போறேன்னு பயந்துபோய், குடிச்சிட்டு, என் பேர்ல எழுதி வச்சிருக்கான்."

குசாக்கா குடிக்கிறவனே இல்லை. முதலாளியின் காலணி அவன் காலணியை மெல்ல இடித்தது.

"ஆமா சார்," என்றான். "நான்தான் எழுதினேன்."

"நாயே!" பிடரியில் ஓர் அறை விழுந்தது. அந்தக் கையே அவன் தலையை முழங்கால்வரை அழுத்தியது. "இந்த நிமிஷத்தோட இவனுக்கு என் பட்டறையில வேலை இல்லை சார்!"

அறை கொஞ்சம் பலம்தான். நடிப்பென்றால் அப்படித்தான் இருக்கவேண்டும் என்று குசாக்கா பல்லைக் கடித்துக்கொண்டான்.

இசோபே இனிப்புப் பெட்டியைக் கையில் தூக்கிப் பார்த்தார். "நல்ல கனம்," என்று சிரித்தார். "விஷயத்தைச் சொல்றேன். நிஷிதானி விலை கூடக் கேக்குறாரு. நீங்க பழைய விலைக்கே செய்வீங்கன்னா பேசலாம்."

"குறைச்சே செய்றோம் சார்!" முதலாளி நிமிர்ந்தார். "ஓர் ஆள் சம்பளம் இப்ப மிச்சமாயிடுச்சில்ல. அதை அப்படியே உங்க விலையில கழிச்சுக்குங்க."

என்ன நடிப்பு, என்ன நடிப்பு என்று குசாக்கா உள்ளுக்குள் வியந்தான்.

இசோபே கணக்குப் பொறியைத் தட்டினார், தலையை ஆட்டினார். நாளைக் காலையில் தம்முடைய ஆள் பட்டறையை வந்து பார்ப்பார் என்றார்.

திரும்பும்போது சின்ன லாரியைக் குசாக்காதான் ஓட்டினான். முதலாளி வழியெல்லாம் பாட்டுப் பாடினார். "நீ சினிமாவுல இருக்க வேண்டியவன்டா!"

"பிடரி இன்னும் வலிக்குது முதலாளி."

"வலிக்கட்டும், வலிக்கட்டும். அந்த அறைதான் ஆர்டரை வாங்கிச்சு."

"நாளைக்கு நான்..."

"வா, வா," என்றார் அவர், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே.

மறுநாள் வேலை தொடங்குமுன், ரேடியோவில் வரும் இசைக்கு உடற்பயிற்சி செய்ய எல்லாரும் வாசலில் கையைத் தூக்கி நிற்கும்போது குசாக்காவும் தன் இடத்தில் போய் நின்றான். அதே நேரம் இசோபேயின் ஆள் தொப்பியும் கோப்புமாக வந்து இறங்கினார். முதலாளியின் முகம் மாறியது.

"நீ எதுக்கு இங்க வந்தே? உன்னைத்தான் நேத்தே தூக்கியாச்சே! போ வெளியே!"

குசாக்காவுக்கு உடனே புரிந்தது. ஆட்டம் இன்னும் முடியவில்லை. இந்தத் தடவை அவன் சொந்தமாகவும் ஒரு வரி சேர்த்துக்கொண்டான். "மன்னிச்சிடுங்க முதலாளி, பழக்கதோஷத்துல கால் இங்க வந்துடுச்சு," என்று ஆழமாகக் குனிந்தான். போகிற போக்கில் ஷிமொஜியைப் பார்த்துக் கண்ணடித்தான். ஷிமொஜி கண்ணைத் தாழ்த்திக்கொண்டான்.

சாலைக்கு எதிர்ப்புறம் போய், காசு போட்டால் டப்பா காப்பி தரும் இயந்திரத்தின் பக்கத்தில் நின்றான். கம்பெனி ஆள் உள்ளே போனார், சுற்றிப் பார்த்தார், முதலாளியோடு சிரித்துக்கொண்டே வெளியே வந்தார், வண்டி ஏறிப் போனார். குசாக்கா மேல்சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, கூப்பிடுவதற்காகக் காத்திருந்தான்.

முதலாளி உள்ளே போய்விட்டார். கொஞ்ச நேரத்தில் முதலாளியம்மா குப்பைப் பையோடு வந்தார். எதிரே அவன் நிற்பதைக் கண்டதும் பையை வாசலிலேயே வைத்துவிட்டுத் திரும்பிப் போனார். உள்ளே ஒரு லேத் சுழலும் சத்தம் கேட்டது. அது அவன் லேத். கத்தியை அதிகமாக அழுத்தினால் அது கீச்சிடும். இப்போது கீச்சிட்டது.

சாப்பாட்டு நேரத்தில் ஷிமொஜி சாலையைக் கடந்து வந்தான். கையில் ஒரு பிளாஸ்டிக் பை. அதற்குள் குசாக்காவின் பட்டறைக் காலணி, டீக்குவளை, துண்டு.

"முதலாளி குடுக்கச் சொன்னாரு."

"கம்பெனி ஆள் போயாச்சேடா. நான் பார்த்துகிட்டுத்தானே இருந்தேன்."

"போயாச்சு."

"அப்புறம் என்ன? அது நடிப்புடா, ஷிமொஜி. உனக்குத் தெரியாது, முன்னாடியே பேசி வச்சது."

"தெரியும். முதலாளி எங்ககிட்டயும் சொல்லிச் சிரிச்சாரு." ஷிமொஜி கையிலிருந்த எண்ணெயைக் காற்சட்டையில் துடைத்தான். "ஆனா விலையைக் குறைச்சது நடிப்பில்லையே. உன் சம்பளத்துலதான் கழிச்சிருக்காரு. இன்னிக்கு எழுதிக் கையெழுத்தும் போட்டாச்சு."

குசாக்கா பையை வாங்கிக்கொண்டான். காலணியில் பித்தளைத் தூள் மினுங்கியது.

"உன் லேத்துல இப்ப நான்தான்," என்றான் ஷிமொஜி. "கோவிச்சுக்காதே அண்ணே. எனக்கும் வேற போக்கிடம் இல்லை."

"மெதுவா அழுத்து. கீச்சிடுது."

"சரி."

நாளைக்கு வந்து முதலாளியிடம் நேரில் பேசிப் பார்க்கட்டுமா என்று குசாக்கா கேட்க வாயெடுத்தான். அதற்குள் பட்டறையில் மணி அடித்தது. ஷிமொஜி திரும்பிப் பார்க்காமல் சாலையைக் கடந்து ஓடினான்.